பூனை இருக்கும் வீட்டில் கைக்குழந்தை: எஃகு வலைக் கதவுடன் ஒன்பது மாதங்கள்

எங்கள் படுக்கையறையின் மரக்கதவுக்கு வெளிப்பக்கம், அதே நிலையில், மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் கொண்ட இன்னொரு கதவு ஒன்பது மாதங்களாக நிற்கிறது. சுற்றிலும் அலுமினியச் சட்டம். நடுவே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் நெய்த வலை. வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அதைக் கொசுவுக்கான கதவு என்றே எண்ணுகிறார்கள். பெங்களூரில் அப்படி எண்ணுவதில் தவறும் இல்லை. ஆனால் அதை நான் செய்து வாங்கியது மிளகு என்று நாங்கள் அழைக்கும், நான்கு கிலோ எடையுள்ள கறுப்பு நாட்டுப் பூனைக்காகவும், ஆம்பூரிலிருந்து மூன்று மாதக் கைக்குழந்தையாக வந்து சேர்ந்த எங்கள் மகளுக்காகவும்தான். பேரம் பேசி முடித்த விலை 8,000 ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் இதே நோக்கத்துக்காக நான் வாங்கிய பொருள்களில் பாதி இப்போது பரணில் கிடக்கின்றன. எவை பரணுக்குப் போயின, கதவு மட்டும் ஏன் நிலைத்தது என்பதைப் பூனை வளர்க்கும் இளம் பெற்றோருக்குப் பயன்படும் வகையில் விரிவாக எழுத விரும்புகிறேன்.

எங்களுடையது காக்ஸ் டவுனில் இரண்டாம் மாடி வாடகை வீடு. பேறுகாலத்துக்கு மனைவி தாய்வீடு சென்றபின், மூன்றாம் மாதம் முடிந்து அழைத்து வருவதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே வீட்டைத் தயார் செய்ய எனக்கும் மிளகுக்கும் மூன்று மாதங்கள் கிடைத்தன. உறவினர்களிடமிருந்து வந்த யோசனை ஒன்றே ஒன்றுதான்: பூனையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். காரணம் கேட்டால், பூனை முடி குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும் என்பார்கள். எனக்கும் அச்சம் இருந்தது. ஆனால் அது முடியைப் பற்றியது அல்ல. மூன்று மாதக் குழந்தையால் தன் முகத்தின்மேல் சாய்ந்திருக்கும் ஒரு பொருளைத் தள்ளிவிட முடியாது. பூனையோ சூடு இருக்கும் இடத்தைத் தேடிப் படுக்கும் பிராணி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றிப் படுக்கவைத்த குழந்தையைவிடக் கதகதப்பான இடம் ஒரு பூனைக்கு வீட்டில் வேறு ஏது? தீய எண்ணம் ஏதுமின்றி, அன்பினாலேயே அது செய்யக்கூடிய கேடு அதுதான். நகக்கீறலும் மலத்தொட்டியும் அதற்கு அடுத்த கவலைகள்.

முதலில் தூளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் சிக்கல் தொடங்குமிடம் அதுதான். கூரைக் கொக்கியில் மாமியாரின் பழைய நூல்சேலையைக் கட்டித் தொங்கவிட்ட அன்று மாலையே மிளகு ஜன்னல் விளிம்பிலிருந்து தாவி அதற்குள் இறங்கி உறங்கிவிட்டது. வேடிக்கையாக இருந்தாலும், அந்தக் காட்சியை நின்று கவனித்தபோதுதான் தூளியின் இயல்பு எனக்கு உறைத்தது. தட்டையான மெத்தையில் பூனை ஏறினால் ஒரு மூலையில் படுக்கலாம். தூளியில் மூலை என்பதே கிடையாது. உள்ளே எது விழுந்தாலும் துணி அதை மிகத் தாழ்ந்த ஒரே இடத்துக்குத்தான் சரித்துக்கொண்டு போகும். குழந்தை கிடப்பதும் அதே இடத்தில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தையை மல்லாத்தி, உறுதியான தட்டையான படுக்கையில், தலையணையோ மென்மையான பொருள்களோ இல்லாமல் உறங்கவைக்க வேண்டும் என்று சொல்வதற்குப் பூனை காரணம் அல்ல, மூச்சுத்திணறல்தான் காரணம். பூனை உள்ள வீட்டில் அந்த அறிவுரையின் எடை இரட்டிப்பாகிறது. தூளியை நாங்கள் முற்றிலும் விட்டுவிடவில்லை. பகலில், ஆட்டுபவர் கை கயிற்றில் இருக்கும்வரை மட்டும் என்று வைத்துக்கொண்டு, குழந்தை குப்புறத் திரும்பத் தொடங்கியதும் அவிழ்த்துவிட்டோம்.

தூளிக்கு மாற்றாகக் கம்பியிட்ட மரத்தொட்டில் வாங்கியபோது, அதன்மேல் போட ஒரு குடைவலையும் வாங்கினேன். விலை 650 ரூபாய். கொசுவலைதான் என்றாலும் பூனையிடமிருந்தும் காக்கும் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னார். நம்புவதற்கு முன் சோதிக்கலாம் என்று, மிளகின் எடைக்குச் சமமாக நான்கு கிலோ அரிசியைப் பையில் கட்டி, குடையின் உச்சியில் வைத்தேன். விலாக்கம்பிகள் இரண்டு பக்கமும் வளைந்து, வலை தொட்டிலின் மெத்தைவரை இறங்கிவிட்டது. உள்ளே நான் வைத்திருந்த தலையணையின்மேல் வலையும் அதன்மேல் அரிசிப் பையும் அழுந்திக் கிடந்த காட்சி என்னைச் சற்று உலுக்கியது. வலை இல்லாதிருந்தால் பூனை குழந்தைக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும், வலை இருப்பதாலேயே அது தொய்ந்து குழந்தையின் மேலேயே படுத்திருக்கும். தொட்டிலோடு சேர்த்துக் கட்டும் கூடாரம் போன்ற வலைகள் இன்னும் உறுதியானவை என்று சிலர் சொன்னார்கள். அவற்றின் மறுபக்கம் வேறு: உள்ளிருக்கும் குழந்தை எழுந்து நிற்கப் பழகும்போது வலையில் கழுத்தோ உடலோ சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் அத்தகைய தொட்டில் கூடாரங்கள் சிலவற்றைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தும்படி எச்சரித்ததும் இக்காரணத்தால்தான். எனவே தொட்டிலின்மேல் போடும் வலை எதையும் பூனைக்கான தடுப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன். கொசுவுக்கு மட்டும் என்றால் அது வேறு கணக்கு.

அடுத்து வந்தவை சில்லறைப் பொருள்கள். பூனைக்குப் பிடிக்காத ஒலியும் தொடுகையும் தரும் என்று அலுமினியத்தாளைத் தொட்டிலில் விரித்துவைக்கும் யோசனை பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. மிளகு இரண்டு நாள் தயங்கியது. மூன்றாம் நாள் அதன்மேலேயே சுருண்டு படுத்தது. எலுமிச்சை வாசனைத் தெளிப்பான் ஒன்றும் கிடைக்கிறது. செறிவான வாசனை எண்ணெய்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது, சில எண்ணெய்கள் அதற்கு நஞ்சாகவே அமையும் என்பதால் நான் அதை வாங்கவில்லை. கடைசியாக, மதிப்புரை எழுதுபவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன், பூனைக்கு மணியும் கட்டினேன். 120 ரூபாய்க்கு, எங்காவது மாட்டிக்கொண்டால் தானாக விடுபடும் கொக்கியுள்ள கழுத்துப்பட்டை. யார் கட்டுவது என்று ஊரே கேட்கும் மணியைக் கட்டிவிட்ட பெருமை ஒரு வாரம்தான் நீடித்தது. பூனை வருவதை எங்களுக்கு அறிவிப்பதற்குப் பதிலாக, அரும்பாடுபட்டு உறங்கவைத்த குழந்தையை அது எழுப்பியது. அந்த மணி கழன்று விழுந்தால் தவழும் குழந்தை வாயில் போடும் அளவில் இருந்ததும் நினைவுக்கு வரவே, கழற்றிவிட்டேன்.

இந்தப் பொருள்கள் அனைத்துக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. அவை பூனையின் மனநிலையை நம்பி இருப்பவை. பூனை வெறுக்க வேண்டும், அஞ்ச வேண்டும், சலித்துப்போக வேண்டும்; அப்போதுதான் அவை வேலை செய்யும். கதவு பூனையிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அப்படியானால் ஏற்கெனவே இருக்கும் மரக்கதவைச் சாத்தினால் போதாதா, எதற்காக 8,000 ரூபாய் என்று என் மாமனார் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வாரம் மரக்கதவைச் சாத்திப் பார்த்தேன். மிளகு இரவெல்லாம் கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்தியது. அறைக்குள் காற்று நின்றுபோயிற்று. சமையலறையில் இருக்கும் ஒருவருக்கு அறையிலிருந்து ஒரு சிணுங்கலும் கேட்காது என்பதும் தெரிந்தது. அடைத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பூனை, கதவு திறந்ததும் முதல் வேலையாக உள்ளே பாய்கிறது. பார்க்கவும் முகரவும் முடிகிற தடுப்புக்கு முன்னால் அது அமர்ந்து கவனிக்கிறது. அந்த வேறுபாட்டுக்குத்தான் வலைக்கதவின் விலை.

முதல் கதவு தோல்வி. அருகிலிருந்த ஒரு கடையில், கொசுவலைக் கதவு என்று பொதுவாகச் சொல்லிக் கேட்டதும், சதுர அடிக்கு 160 ரூபாய் வீதம் 21 சதுர அடிக்கு 3,360 ரூபாய் வாங்கிக்கொண்டு, கண்ணாடியிழை வலையிட்ட கதவைப் பொருத்தினார்கள். பூனை இருப்பதை நான் அளவெடுக்க வந்தவரிடமே சொல்லியிருந்தேன், தாங்கும் என்றார். நான்காம் இரவு கீழ்மூலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வலை கிழிந்து, மிளகு அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் வலைக்கு உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். குழந்தை வருவதற்கு முன்பே இது நடந்ததை நல்வினை என்றே கருதுகிறேன். அதனால்தான், எந்தக் கதவாக இருந்தாலும் குழந்தை வருவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே பொருத்திப் பூனையிடம் விட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஓட்டை எங்கே விழும் என்பதை உங்களுக்கு முன்னால் பூனை கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் கதவைச் செய்தவர் கம்மனஹள்ளிப் பக்கத்தில் சிறிய அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. கிழிந்த வலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது கொசுவுக்குத்தான் சார். பூனைக்கு நகம் மாட்டுச்சுன்னா ஒரே இழுப்புல போயிடும். எஸ்.எஸ். போட்டுக்கோங்க, இல்லன்னா செலவே பண்ணாதீங்க," என்றார். செலவு செய்யாதீர்கள் என்று சொல்லும் வியாபாரியைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. எஸ்.எஸ். என்று அவர் சொன்னது துருப்பிடிக்காத எஃகை. அந்த வலையில் 304 என்னும் எஃகுத் தரத்தைக் கேளுங்கள் என்றும் அவரே சொன்னார். காந்தம் ஒட்டினால் போலி என்று பலர் சொல்வதுண்டு. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனெனில் மெல்லிய கம்பியாக இழுக்கும்போது 304 எஃகும் சிறிதளவு காந்தத்துக்கு இழுபடும் தன்மையைப் பெறுகிறது. நான் செய்த சோதனை எளிமையானது: துண்டு வலை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, பெரிய ஆணியின் முனையால் மிளகு பிறாண்டுவது போலவே இழுத்துப் பார்த்தேன். வலைக்கண்கள் சற்று விலகின, கம்பி அறுபடவில்லை.

வலையைவிட முக்கியமானது அதைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் ரப்பர் பட்டை. தொழிலில் பீடிங் என்பார்கள். சட்டத்தின் காடியில் வலையின் ஓரத்தை மடித்து, அதன்மேல் இந்தப் பட்டையை அழுத்தி இறக்குவார்கள். பூனையின் நகம் வலையைக் கிழிக்க முடியாதபோது இந்தப் பட்டையைத்தான் தேடும். ஆகவே பீடிங் இருக்கும் முகம் அறையின் உள்பக்கமாக, அதாவது பூனை இல்லாத பக்கமாக, இருக்கும்படி கதவைப் பொருத்தச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறைக்காரருக்கே இது தோன்றவில்லை. முதல் கதவின் கிழிந்த மூலையைப் பார்த்து நான் கேட்டபின், "இது நல்ல யோசனை சார்" என்று மாற்றிப் பொருத்தினார். அடுத்தது நடுச்சட்டம். ஏழடி உயரத்துக்கு ஒரே வலை என்றால் நடுவில் தொய்யும். இரண்டரை அடி உயரத்தில் குறுக்கே ஒரு சட்டம் போட்டால் கீழ்ப்பகுதி விறைப்பாக நிற்கும், பழுதானால் அந்தப் பகுதி வலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பூனையின் முன்கால் நுழையும் இடத்தில் அதன் பிடிவாதமும் நுழைந்துவிடும்.

தாழ்ப்பாளில் நான் ஒரு தவறு செய்தேன். வழக்கப்படி வெளிப்பக்கம் மட்டும் ஒரு டவர் போல்ட் வைத்தார்கள். குழந்தை வந்த இரண்டாம் வாரம், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியார் அறைக்குள் இருக்க, கறிவேப்பிலை வாங்கச் செல்லும் அவசரத்தில் நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் வலைக்கு உள்ளேயும் மிளகு வெளியேயும் ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். "மாப்பிள்ளை, பூனையை அடைக்கக் கதவு போட்டீங்களா, என்னை அடைக்கவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்றாலும், அந்தப் பத்து நிமிடத்தில் ஏதேனும் அவசரம் நேர்ந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அன்றிரவு உறக்கத்தைத் தரவில்லை. மறுநாளே இருபக்கமும் திறக்கக்கூடிய கைப்பிடித் தாழுக்கு 450 ரூபாய் கொடுத்து மாற்றினேன். குழந்தையோடு இருப்பவர் உள்ளிருந்து திறக்க முடியாத எந்தத் தடுப்பும் பாதுகாப்பு ஆகாது.

இனிப் பயன்பாடு. குழந்தை முதல் ஆறு மாதங்களாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது என்பதால், பூனையை எங்கள் அறையிலிருந்தே வெளியேற்றவேண்டி இருந்தது. ஐந்து வருடங்களாக என் காலடியில் உறங்கிய பூனைக்கு இது சிறிய மாற்றம் அல்ல. குழந்தை வந்த அன்றே தொடங்கினால் அந்தப் புதிய மனிதப்பிறவிதான் காரணம் என்று பூனைக்கும் தெரிந்துவிடும். ஆகவே கதவு பொருத்தியது முதலே இரவில் மிளகுக்குக் கூடத்தில் படுக்கை போட்டுப் பழக்கினேன். ஒவ்வொரு வாரக்கடைசியும் ஆம்பூர் சென்று திரும்பும்போது குழந்தை பயன்படுத்திய ஒரு துணியைக் கொண்டுவந்து வலைக்கதவின் அருகில் போட்டுவைத்தேன். மகள் வந்து சேர்ந்த நாளில் மிளகு வலைக்கு வெளியே அமர்ந்து இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, பிறகு கொட்டாவி விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிற்று. வலைக்கதவுக்கு நான் கொடுத்த தொகை அந்தக் கொட்டாவியிலேயே ஈடாகிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எஃகு வலை பூனைக்கு ஏணி. முதல் மாதத்தில் மிளகு இரண்டு முறை மேல்சட்டம்வரை ஏறி, இறங்கத் தெரியாமல் நகம் சிக்கித் தொங்கியது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகநுனியை வெட்டிவிட ஆரம்பித்தபின் ஏறுவது நின்றது; அந்தப் பழக்கம் குழந்தைக்கும் நல்லதாயிற்று. அடுத்த குறை, ஒவ்வாமை. பூனை ஒவ்வாமையைத் தூண்டுவதில் முதன்மையானது ஃபெல் டி 1 என்னும் புரதம். அது முடியில் விளைவதல்ல. எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகி, பூனை தன்னை நக்கும்போது முடியில் படிந்து, நுண்துகளாகக் காற்றில் மிதக்கிறது. எந்த வலையும் அதைத் தடுக்காது. குழந்தைக்கு மூச்சிரைப்போ தோல் அரிப்போ இருந்தால் கதவை நம்பாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எங்கள் மகளுக்கு இதுவரை அத்தகைய தொல்லை இல்லை.

ஏழாம் மாதத்தில், குழந்தை தவழத் தொடங்கியபோது, நான் எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. அதுவரை பூனையை எப்படிக் குழந்தையிடமிருந்து விலக்குவது என்பதே என் கவலையாக இருந்தது. இப்போது குழந்தை பூனையை நோக்கிப் புறப்பட்டது. பூனையின் உணவுக்கிண்ணம், தண்ணீர்க்கிண்ணம், சமையலறைக்குப் பின்னாலுள்ள யூட்டிலிட்டி என்னும் சிறு பணியிடத்தில் இருக்கும் மலத்தொட்டி ஆகிய மூன்றும் தவழும் குழந்தையின் உயரத்தில்தான் இருக்கின்றன. உலர்உணவு மணிகள் தொண்டையில் அடைக்கும் அளவு கொண்டவை. மலத்தொட்டியில் இடும் மண்ணோ ஈரம் பட்டால் கட்டியாக இறுகும் வகை; வாய்க்குள் போனால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியது. நோய்ப்பட்ட பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டை போன்ற உறைகள் உடனே தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள்கள் ஆகின்றன. அதனால்தான் தினமும் அள்ளிவிடுவது அவ்வளவு முக்கியம். மனைவி கருவுற்றது தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை என்னுடையதாயிற்று; குழந்தை பிறந்தபின்னும் அது ஏனோ என்னிடமே தங்கிவிட்டது.

யூட்டிலிட்டி வாசலுக்கு, சுவரில் துளையிடாமல் இரு பக்கமும் அழுத்தித் திருகிப் பொருத்தும் குழந்தைத் தடுப்புக் கேட் ஒன்றை 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். உயரம் 75 சென்டிமீட்டர். குழந்தையைப் பூனையிடமிருந்து காக்க இதை வாங்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன், வீண். வளர்ந்த பூனை இதை உட்கார்ந்த இடத்திலிருந்தே தாண்டும். ஆனால் பூனை தாண்டும், குழந்தை தாண்டாது என்பதே மலத்தொட்டிக்கு முன்னால் இதன் தகுதி. கீழே பூனைக்கென்று சிறு திட்டிவாசல் வைத்த கேட்டுகளும் வருகின்றன. மிளகைப் போன்ற திடமான பூனைக்கு அது தேவையில்லை. பூனை நுழையும் துளையில் தவழும் குழந்தையும் தலையை நுழைத்துப் பார்க்கும் என்பதால் நான் தவிர்த்தேன். தாண்ட முடியாத முதிய பூனையாக இருந்தால் மலத்தொட்டியின் இடத்தையே மாற்றுவது மேல். கம்பிகளுக்கு இடையிலுள்ள அகலத்தையும் அளந்து வாங்குங்கள். தொட்டில் கம்பிகளுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்ச அளவு 2⅜ அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அதே அளவை நான் கேட்டுக்கும் வைத்துக்கொண்டேன். இன்னொன்று: இப்படி அழுத்திப் பொருத்தும் கேட்டை மாடிப்படியின் உச்சியில் வைக்கவே கூடாது.

குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியபோது வலைக்கதவும் தன் வேடத்தை மாற்றிக்கொண்டது. மறந்து திறந்துவிட்டாலும் தானாகச் சாத்திக்கொள்ளட்டும் என்று சுருள்வில் கீல் வைத்திருந்தேன். ஆறு மாதங்கள் அது பெரிய உதவி. ஆனால் மகள் வலையைப் பிடித்து நின்று கீல் பக்கத்து இடுக்கில் விரலை வைக்கப் பழகியதும், அந்தச் சுருள்வில்லே பூனையின் நகத்தைவிட ஆபத்தானதாகத் தோன்றியது. ஒன்பதாம் மாதத்தில் அதைக் கழற்றிச் சாதாரணக் கீல் போட்டு, இடுக்கை ரப்பர் பட்டையால் மூடினோம். சாத்த மறக்காமலிருப்பது இப்போது எங்கள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எங்கே தவறும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பத்தாம் மாதத்தில் ஒருநாள் மாலை, கூடத்தில், எல்லோரும் விழித்திருக்கையில், நான் இரண்டடி தூரத்தில் அமர்ந்திருந்தபோதே மகள் மிளகின் வாலைப் பிடித்து இழுத்தாள். முன்கையில் ஒரு கீறல். சிவந்தது, இரத்தம் வரவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் முதலில் கேட்டது பூனையின் தடுப்பூசிப் புத்தகத்தை. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டிருந்தது. ஆயினும், இரத்தம் வராத கீறலும் இரண்டாம் வகைக் காயத்தில் சேரும், அதற்கும் தடுப்பூசி தேவை என்று விளக்கி, அன்றே மகளுக்கு முதல் ஊசியைப் போடச் செய்தார். பூனையை 10 நாள்கள் கவனித்துவரும்படியும் சொன்னார். மிளகு அந்தப் பத்து நாளும் வழக்கம்போல உண்டு உறங்கி, என்னை முறைத்துக்கொண்டிருந்தது. கதவுகளும் கேட்டுகளும் எங்கள் கண் மூடியிருக்கும் நேரத்துக்கானவை. விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையும் பூனையும் ஒரே தரையில் இருந்தால் இடையில் ஒரு பெரியவரின் கை இருந்தாக வேண்டும். என்னுடையது அன்று தொலைபேசியில் இருந்தது. பூனைக்குக் குழந்தையால் எட்ட முடியாத உயரத்தில் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கிக்கொடுத்தது அதற்குப் பிறகுதான். ஒரு ரூபாய் செலவில்லாத அந்த ஏற்பாட்டை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கதவுச்சட்டத்தை நிலையில் திருக எட்டுத் துளைகள் இட வேண்டியிருந்தது. முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி வீட்டுக்காரம்மாவிடம் கேட்டபோது, அவர் பூனையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், காலி செய்யும்போது கதவை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், கொசுவுக்கு ஆகும் என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். எழுத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்றாலும் அந்த உடன்பாடு எனக்குச் சம்மதமே.

இன்று மீண்டும் வாங்க வேண்டுமென்றால் இதே கதவை, இருபக்கத் தாழ்ப்பாளுடனும் சாதாரணக் கீலுடனும், முதல் முறையே எஃகு வலையில் செய்து வாங்குவேன்; குடைவலை, மணி, அலுமினியத்தாள் எதையும் தொடமாட்டேன். கேட்டை ஏழாம் மாதத்துக்கு முன் வாங்கமாட்டேன். ஐந்துக்கு நான்கரை மதிப்பெண்ணைக் கதவுக்குத் தருகிறேன். அரை மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், கீழ்மூலையில் பீடிங் ஒரு விரற்கடை அளவு காடியிலிருந்து மேலெழும்பியிருப்பது. மிளகு இந்தப் பக்கம் வர முடியாததால் அதைச் செய்திருக்க முடியாது. உள்பக்கம் நின்று இரண்டு பல்லால் ரப்பரைக் கடித்துப் பார்க்கும் ஆள் வேறு. பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். ஒரு வருட உத்தரவாதம் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றித் தருகிறேன் என்றவர், பூனை கடித்தால்தான் உத்தரவாதம் உண்டா, குழந்தை கடித்தாலும் உண்டா என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.